வகுப்பு வேறு, நிலை வேறு

(தூத்துக்குடி மாவட்டக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உப்பள வேலையையும் வலைவேலையையும் முடித்துக்கொண்டு, அலுப்பையும் பாராமல் இந்த அந்தி நேரத்தில் இங்குக் கூடியிருக்கின்றீர்கள். வட்டார அலுவலகத்தார் கூட்டம் கூட்டினால் சாலை, குடிநீர், வீடு, கடன் ஆகியவற்றைப் பற்றியே பேசுவர் என்பது ஊரார் எண்ணம். இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, தொடக்கப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளுக்கு நடத்தப்படும் மதிப்பீடுகளைப் பற்றிச் சிந்திப்போம்.

பள்ளித் தேர்வுக்கும் வட்டார அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த ஊராட்சி ஒன்றியங்களிடம் தொடக்கப் பள்ளிகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இன்றும் நம் சிற்றூர்ப் பள்ளிகளின் முகப்பில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்னும் பெயர் விளங்குவது அதனால்தான். இன்று கற்பித்தல் பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பில் இருப்பினும், பள்ளியின் கட்டடமும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் நம் கவலையாகவே உள்ளன. கட்டடம் எழுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருத்தல் முறையன்று. அதனுள் அமர்ந்திருக்கும் குழந்தை என்ன கற்றது என்பதையும் நாம் அறிய வேண்டும்.

பள்ளிக்கு வருதலும் கற்றலும்

இன்று நம் மாவட்டத்தில் உள்ள எட்டயபுரத்தில் 1956-ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தைப் பெருந்தலைவர் காமராசர் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்னும் உண்மையை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதே வழியில் மேலும் ஓர் அடியாகும். இவற்றாலும் பிற முயற்சிகளாலும் பள்ளியின் படியேறாத குழந்தை இன்று நம் ஊர்களில் அரிது. குழந்தையைப் பள்ளிக்கு வரச்செய்தது நம் முன்னோர் தலைமுறையின் சாதனை. வந்த குழந்தை கற்றதா என்று கண்டறிந்து, கல்லாததைக் கற்பிப்பது நம் தலைமுறையின் கடமை. மதிப்பீடு என்பது அந்தக் கடமைக்கு வேண்டிய கருவி.

ஆயினும் இக்கருவியைப் பற்றி நம்மிடையே இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று அயர்வு.

அச்சத்தின் வரலாறு

முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுத்தெழுதிப் பழகினர். ஒரு சுவடியை முடித்தவன் அடுத்த சுவடிக்குச் செல்வான். முடிக்காதவன் முடிக்கும்வரை அதனையே ஓதுவான். ஆண்டு முடிவில் வெற்றி, தோல்வி என்னும் பிரிவினை அங்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் வேறொரு முறை புகுந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைத் தேர்வு செய்வார். எத்தனை பேர் தேறினரோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். தேறாத பிள்ளையால் ஆசிரியரின் ஊதியமே குறையுமாயின் பிரம்பு ஓங்குவது இயல்பன்றோ? தேர்வு என்றாலே நடுங்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். அம்முறை மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அச்சம் மட்டும் மறையவில்லை.

அண்மையிலும் அதற்கு ஒரு காரணம் ஏற்பட்டது. 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு நடத்த ஆணை பிறந்தது. 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு என்ற செய்தி அந்தச் சில மாதங்களில் பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. ஆணை போயினும், மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் 'என் பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ?' என்று கலங்கும் தாய்மார் இன்றும் உளர். அன்று காய்ச்சல் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் இருத்திக்கொள்வோரும் உளர்.

அயர்வின் வரலாறு

மற்றோர் எண்ணம் இதற்கு நேர்மாறானது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைத்தலைத் தடுத்தது. 2019-இல் மத்திய அரசு அவ்விதியைத் தளர்த்தி, அம்முடிவை மாநிலங்களுக்கு விட்டது. நம் மாநிலமோ எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்னும் கொள்கையையே மேற்கொண்டுள்ளது. 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இதனை உறுதி செய்தது.

இது குழந்தைகளுக்குப் பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. தோற்றவன் என்று முத்திரையிடப்பட்ட சிறுவன் உப்பளத்துக்கும், சிறுமி அடுப்படிக்கும் சென்றது நாம் கண்ட உண்மை. ஆனால் இப்பாதுகாப்பினின்று ஒரு தவறான முடிவையும் நாம் வருவித்துக்கொண்டோம். 'ஆண்டுதோறும் வகுப்பு ஏறுகிறான். ஆகவே படிக்கிறான்' என்று நம்பிவிடுகிறோம். வகுப்பு உயர்வது வயதினால். நிலை உயர்வது கற்றலினால். நான்காம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டும் நிலையிலேயே நின்றுவிடலாம். அதைக் கேட்டறியாத தந்தை, ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஒருநாள் அறிந்து திடுக்கிடுகிறார். அப்பொழுது இழந்த ஆண்டுகளை மீட்பது எளிதன்று. இன்று நாம் சொல்ல வந்த செய்தி முழுவதும் இந்த ஒன்றே: குழந்தையின் வகுப்பை மட்டும் அறிந்தால் போதாது, அதன் நிலையையும் அறிய வேண்டும்.

மதிப்பீடு எதற்காக?

அங்கன்வாடி மையத்தில் மாதந்தோறும் குழந்தையை எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கின்றனர். புள்ளி பச்சை வண்ணப் பகுதியினின்று மஞ்சளுக்கு இறங்கினால் தாய் என்ன செய்கிறாள்? குழந்தையை அடிக்கிறாளா? 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார், எவ்வளவு எடை!' என்று ஏசுகிறாளா? இல்லை. சத்துமாவு ஒழுங்காகக் கொடுத்தோமா, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று எண்ணிப் பார்க்கிறாள், செவிலியரைக் கலக்கிறாள். எடைக் குறைவு குழந்தையின் குற்றமாகாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அறிவாள். பள்ளியில் நடத்தப்படும் மதிப்பீடும் இத்தகையதே. தராசு உடலின் எடையைக் காட்டுகிறது. மதிப்பீடு கற்றலின் எடையைக் காட்டுகிறது. குறைவு காணப்பட்டால் ஊட்டம் கூட்ட வேண்டும் என்பதே இரண்டிற்கும் பொருள்.

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூன் 13-இல் நம் மாநிலத்தில் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது; அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் எழுத்தும் எண்ணும் மறந்துபோன குழந்தைகளை மீட்பது அதன் நோக்கம். முதலில் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை மதிப்பீடு நடத்தி, அதன் நிலையைக் கண்டனர். முதல் வகுப்புக்குரிய திறனில் உள்ள குழந்தை 'அரும்பு'. இரண்டாம் வகுப்புத் திறனில் உள்ளது 'மொட்டு'. மூன்றாம் வகுப்புத் திறனை எய்தியது 'மலர்'.

இப்பெயர்களைக் கேட்டுச் சில பெற்றோர் வருந்துகின்றனர். 'மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அரும்பு என்கிறார்களே, இது தோல்விதானே?' என்கின்றனர். உப்பளத்தில் உழைக்கும் நமக்கு இதை விளக்குதல் எளிது. கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ச்சுகிறோம். சுமார் 3 டிகிரியில் வந்த நீர் அடர்ந்து அடர்ந்து 25 டிகிரி அளவை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. நடுவில் அளவுமானியை இட்டுப் பார்த்து, 15 டிகிரி காட்டினால் அந்நீரைக் கெட்ட நீர் என்று கடலில் கொட்டுவார் உண்டோ? எந்தப் பாத்தியில் இன்னும் எத்தனை நாள் காய வேண்டும் என்று முடிவு செய்வதற்கே அவ்வளவு பயன்படுகிறது. அரும்பு என்பதும் அவ்வாறே, குழந்தை இன்று நிற்கும் இடத்தையும் நாளை அதற்குரிய பாடத்தையும் காட்டும் சொல். ஒரே குழந்தை கணக்கில் மலராகவும் தமிழில் மொட்டாகவும் இருத்தல் கூடும். ஆகவே 'என் பிள்ளை மக்கு' என்று ஒரே சொல்லால் முடித்துவிடுதல் தகாது.

குழந்தை எந்த வயதில் எதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அடிப்படைக் கற்றல் இலக்குகளின்படி, முதல் வகுப்பு முடிவில் 99 வரையும், இரண்டாம் வகுப்பு முடிவில் 999 வரையும், மூன்றாம் வகுப்பு முடிவில் 9999 வரையும் எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிதல் வேண்டும். மொழியில், முதல் வகுப்பு முடிவிலேயே நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியத்தைப் பொருள் உணர்ந்து படித்தல் வேண்டும். இவ்வளவுகளை நினைவில் வைத்தல் கடினமன்று.

வளரறியும் தொகுத்தறியும்

மதிப்பீட்டில் இரு வகை உண்டு. பாடம் நடக்கும்போதே ஆசிரியர் குழந்தையைப் படிக்கச் சொல்லியும், பேசச் சொல்லியும், செயல் ஒன்றைச் செய்யச் சொல்லியும் காண்பது வளரறி மதிப்பீடு. பருவ முடிவில் மொத்தமாகக் காண்பது தொகுத்தறி மதிப்பீடு. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. பலரும் பின்னதையே தேர்வு என்று மதித்து, முன்னதை விளையாட்டு என்று எண்ணுகின்றனர். உண்மையில் சிறு குழந்தைக்கு முன்னதே பெரிதும் பயன்படுவது. அதில் கண்ட குறையை மறுநாளே திருத்தலாம்.

வளரறி மதிப்பீடு எதனை வெளிப்படுத்தும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம். ஒரு சிறுமி பாடத்தைப் புத்தகம் பார்த்துக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அதே சொற்களைக் கரும்பலகையில் தனித்தனியே எழுதிக் காட்டினால் திகைக்கிறாள். அவள் படிக்கவில்லை, செவிவழி மனனம் செய்திருக்கிறாள் என்பது அங்கே தெரியும். ஒரு சிறுவன் பன்னிரண்டு உயிரெழுத்தும் பதினெட்டு மெய்யெழுத்தும் பழுதறச் சொல்கிறான்; உயிர்மெய்யில் கொம்பும் சுழியும் வந்தால் தடுமாறுகிறான். அவனுக்குத் தேவை பத்து நாள் உயிர்மெய்ப் பயிற்சி. மீண்டும் அகரம் முதல் தொடங்குதல் வீண். மற்றொரு பிள்ளை ழகரத்தை ளகரமாக எழுதுகிறது. வீட்டில் கேட்கும் ஒலியை அப்படியே எழுதுகிறது என்பதன்றி, அதன் அறிவில் குறையில்லை. இன்னொரு பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை செய்கிறது. முன் வரிசையில் அமர்த்தினால் பிழை குறைகிறது. அதற்குக் கண் பரிசோதனை வேண்டும். கேட்டலிலோ பேச்சிலோ குறை ஐயுறப்படின் வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியர் உதவியை நாட வேண்டும். இந்நால்வரும் ஒரே மதிப்பெண் பெற்றிருக்கலாம். தேவைப்படும் உதவியோ நால்வருக்கும் வெவ்வேறு. எண்ணை மட்டும் கேட்டுத் திரும்பும் பெற்றோர் இவ்வுண்மையை அறியாமல் போகின்றனர்.

ஊருக்கென எடுக்கும் மாதிரி

இவையன்றி, சில ஆண்டுகளில் சில பள்ளிகளில் மட்டும் வெளியார் வந்து மதிப்பீடு நடத்துவதும் உண்டு. 2021 நவம்பர் 12-இல் தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4-இல் 'பரக்' ஆய்வும் நாடெங்கும் அவ்வாறு நடைபெற்றன. 'எங்கள் பிள்ளையை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் அதன் முறையை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் பார்களை ஆய்ந்து, மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துப் பார்ப்பர். அச்சிப்பிகளைக் கொண்டு அறியப்படுவது பாரின் நிலை. அதுபோலவே இவ்வாய்வுகள் மாவட்டத்தின், மாநிலத்தின் கற்பித்தல் நிலையை அறிய எழுந்தவை. தனிக் குழந்தையின் தேர்ச்சிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இவற்றில் மதிப்பெண் குறைந்தால் விடை கூற வேண்டியவர்கள் அலுவலர்களாகிய நாமும் துறையினருமே.

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

பள்ளிக்குச் செல்லும் பெற்றோர் 'பையன் எப்படி?' என்று கேட்பதும், ஆசிரியர் 'பரவாயில்லை' என்று கூறுவதும் வழக்கம். இதனால் இருவருக்கும் பயனில்லை. பின்வரும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

முதலாவது: தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலும் என் குழந்தை எந்த நிலையில் உள்ளது?

இரண்டாவது: எந்த இடத்தில் தடைப்படுகிறது? அதை என் கண்முன் ஒருமுறை காட்டுவீர்களா?

மூன்றாவது: அடுத்த மாதத்துக்குள் அத்தடையை நீக்கப் பள்ளியில் என்ன செய்வீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்யட்டும்?

இவ்வினாக்களைக் கேட்கப் படிப்பு வேண்டியதில்லை. கேட்பது ஆசிரியரைக் குறை கூறுவதும் ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதே, பெற்றோர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். கிராம சபையில் குடிநீரையும் தெருவிளக்கையும் பற்றி உரத்த குரலில் கேட்கின்றோம். 'நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் தடையின்றிப் படிக்கின்றனர்?' என்றும் ஒருமுறை கேட்போமாக.

வீட்டில் செய்யத் தக்கன

'எனக்கே எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கு எப்படி உதவுவேன்?' என்று கேட்கும் தாய்மார்க்குச் சொல்லுவோம்: கேட்பதே பேருதவி. 'இன்று படித்த கதையை எனக்குச் சொல்' என்று நாள்தோறும் கேளுங்கள். கதையைத் தன் சொல்லில் கூறும் பிள்ளை பொருள் உணர்ந்து படிக்கிறது என்று அறியலாம். கடைச் சீட்டையும் பேருந்துப் பலகையையும் படிக்கச் சொல்லுங்கள். கூலியை எண்ணவும், மீன் விற்ற பணத்துக்கு மீதி கணக்கிடவும் பிள்ளையை அழையுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. தந்தையர் கரையில் இருக்கும் அந்நாட்களில் பெரும்பகுதி பள்ளி விடுமுறையாகவும் அமைகிறது. நாளுக்குக் கால் மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்தால், விடுமுறையில் எழுத்து மறந்துபோகாது.

செய்யத் தகாதனவும் சில உண்டு. மதிப்பீட்டு நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அக்காளை விட்டு வீட்டுவேலையை எழுதச் சொல்லாதீர்கள். அப்படிப் பெற்ற மதிப்பெண் தராசில் கல் கட்டிப் பார்த்த எடை. அண்ணனோடும் அயல்வீட்டாரோடும் ஒப்பிடாதீர்கள். சென்ற மாதத்துப் பிள்ளையோடு இந்த மாதத்துப் பிள்ளையை ஒப்பிடுங்கள். மதிப்பெண்ணுக்காக அடிக்காதீர்கள். பள்ளியில் உடலை வருத்துதலையும் உள்ளத்தை நோகச் செய்தலையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. பள்ளியில் தகாதது வீட்டில் மட்டும் தகுமோ? அடிக்கு அஞ்சிய பிள்ளை கற்றுக்கொள்வது மறைக்கும் வழி ஒன்றே. தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லும் துணிவு போய்விட்டால், எந்த மதிப்பீட்டாலும் அதன் நிலையை அறிய இயலாது.

ஆசிரியர்க்கும் நமக்கும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் பதிவதே பெரும் வேலையாய் இருப்பதை நாம் அறிவோம். எனினும் கைப்பேசியில் ஏறிய விவரம் தாயின் செவிக்கு எட்டாவிடின் பாதிப் பயன் வீணாகிறது. குழந்தையின் குறையைக் கூட்டத்தில் உரக்கப் படிக்காமல், தாயைத் தனியே அழைத்து எளிய சொல்லில் கூறுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகளை முதலாமிடம், கடைசியிடம் என வரிசைப்படுத்தும் வழக்கம் எங்கிருப்பினும் தவிர்க்கத் தக்கது. ஒரு நாள் பசியாலோ காய்ச்சலாலோ அச்சத்தாலோ பிள்ளை வாய் திறவாதிருக்கலாம். அந்த ஒரு நாளை வைத்து முடிவு கட்டாமல், வேறு நாளில் மீண்டும் காணுங்கள்.

இனி நம் கடமை. விடியுமுன் உப்பளம் செல்லும் தாயைக் காலை 10 மணிக்குப் பள்ளிக்கு அழைத்தால் அவள் ஒருநாள் கூலியை இழந்தே வர வேண்டும். வராதவளை 'அக்கறையில்லாதவள்' என்று கூறுவது அநீதி. ஆகவே உப்பளத் தொழிலாளர் வாழும் ஊர்களில் பெற்றோர் சந்திப்பை மாலையிலும், மீனவர் ஊர்களில் கடலுக்குச் செல்லாத நாளிலும் வைத்துக்கொள்ளப் பள்ளிகளோடு கலந்து முயல்வோம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் சேமிப்புக் கணக்கைப் பார்த்தபின், இம்மூன்று வினாக்களையும் ஒருமுறை நினைவூட்டுமாறு குழுத் தலைவியரை வேண்டுகிறோம்.

பெரியோர்களே! நாம் கட்டும் சாலையும் தொட்டியும் சில பத்தாண்டுகளில் பழுதாகும். எட்டு வயதுக்குள் பொருள் உணர்ந்து படிக்கக் கற்ற குழந்தைக்கு அக்கல்வி வாழ்நாள் முழுதும் துணை நிற்கும். இம்மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரேனும் பள்ளிக்குச் சென்று, தம் குழந்தையின் நிலையைக் கேட்டறிந்து வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சாலையைப் பற்றிப் பேசுமுன், 'பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது?' என்றே உங்களைக் கேட்போம்.